கைத்தொழில் கற்கும் ஆசை

அல்லிநகரத்திலிருந்து நேயர் ஒருவர் நமக்குக் கடிதமொன்று விடுத்திருக்கிறார். முப்பது வருஷ காலம் சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். குமாரர்கள் இருவரும் வெளியூரில் இருக்கிறார்கள். பென்ஷன் தவறாமல் வருகிறது. பொழுதுதான் போகவில்லை. பாலியத்தில் ஆண்டிபட்டிப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போன சமயங்களில் அண்டை வீட்டுத் தறியோசையைக் கேட்டுக்கொண்டே உறங்கியதுண்டாம். அந்த ஓசை இன்றளவும் செவியை விட்டு அகலவில்லை என்கிறார். தாமும் தறியில் அமர்ந்து ஒரு முழத் துண்டாயினும் நெய்து பார்க்க வேண்டுமென்பது அவருடைய ஆசை. இதனை வெளியிட்டபோது தெருவிலுள்ளோர், "பென்ஷன் நின்றுவிட்டதா? தறிக்குழியில் இறங்கும்படி உமக்கு என்ன கஷ்டகாலம் வந்தது?" என்று நகைத்தார்களாம். அவர் நம்மிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறார். இந்த வயதில் இத்தகைய ஆசை கொள்வது நகைப்புக்கிடமா என்பது ஒன்று. கற்பதாயின் எங்கே போய் யாரிடம் கற்பது என்பது மற்றொன்று.

முதற்கேள்வி ஒருவருடைய சொந்த விஷயம் போலத் தோன்றினும் உண்மையில் நம் சமூகம் முழுவதையும் பற்றியது. ஆதலின் அதனை முதலில் எடுத்துக்கொள்வோம்.

இந்த அன்பர் வீணை வாசிக்கக் கற்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் தெருவார் தலையசைத்துப் பாராட்டியிருப்பர். விலையுயர்ந்த காமிரா ஒன்றை வாங்கிக்கொண்டு மேகமலையில் பறவைகளைப் படம் பிடிக்கக் கிளம்பியிருந்தால் "நல்ல ரஸிகர்" என்று பேரெடுத்திருப்பார். மாலைதோறும் சீட்டாடியிருந்தால்கூட எவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். தறியென்றதும் நகைப்பு வந்ததன் காரணம் யாது? வீணையும் கைத்தொழில்தான், தறியும் கைத்தொழில்தான். இரண்டிலும் விரல் நோகும். இரண்டிலும் முதுகு வலிக்கும். ஆயினும் ஒன்றைக் கலையென்றும் மற்றொன்றைக் கூலிவேலையென்றும் நாம் பிரித்து வைத்திருக்கிறோம். சோற்றுக்கில்லாதவன் செய்வது கைவேலை என்றும், படித்தவன் அதனைத் தொட்டால் அந்தஸ்தில் ஒருபடி இறங்கினான் என்றும் நம் நெஞ்சின் அடித்தளத்தில் ஓர் எண்ணம் கிடக்கிறது. இன்னின்ன வேலை இன்னின்ன பிறப்பினருக்கு என்று வகுத்த பழைய கணக்கின் மிச்சமே அது. மேடையில் நாம் அதனைக் கண்டிக்கிறோம். தெருத்திண்ணையில் அது நம்மையறியாமல் நகைப்பாக வெளிவந்துவிடுகிறது.

இந்த நகைப்பைக் காந்தியடிகள் தம் கையாலேயே வென்று காட்டினார். 1910-ம் வருஷம் ஜோஹானிஸ்பர்க் நகரத்துக்கு அருகே டால்ஸ்டாய் பண்ணை ஆரம்பமாயிற்று. பண்ணைக்கு நிலம் தந்தவர் காலன்பாக் என்னும் கட்டிடக் கலைஞர். அக்காலத்தில் அடிகளுக்கு நாற்பது வயது கடந்திருந்தது. லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர்; ஜோஹானிஸ்பர்க்கில் பெருவருவாயுடன் வக்கீல் தொழில் நடத்தியவர். பண்ணைவாசிகளுக்கு ஒரு கைத்தொழில் வேண்டுமென்று தோன்றியதும் அவர்கள் தேர்ந்தெடுத்தது செருப்புத் தைப்பது. பைன்டவுன் நகருக்கு அருகில் மரியன்ஹில் என்னுமிடத்தில் ஜெர்மன் துறவியர் மடமொன்று இருந்தது. காலன்பாக் அங்கு சென்று அத்தொழிலைக் கற்றுவந்தார். அவர் அடிகளுக்குக் கற்பித்தார். அடிகள் பண்ணையிலிருந்த மற்றவர்களுக்குக் கற்பித்தார். அவர்களில் தமிழர் பலர். மாணவர்களில் அநேகர் தம்மைவிட எளிதில் தேர்ச்சி பெற்றுவிட்டதாக அடிகளே எழுதியிருக்கிறார்.

தோலைத் தொட்டாலே தீட்டென்று கருதிய ஒரு தேசத்தில் பிறந்து, வைசிய குலத்தில் வளர்ந்த ஒரு பாரிஸ்டர், பிறரிடம் மாணாக்கராக இருந்து தோல் தைக்கக் கற்றார். சிறைவாசத்தில் தாம் தைத்த ஒரு ஜோடிச் செருப்பைத் தம்மைச் சிறையிலிட்ட ஜெனரல் ஸ்மட்ஸுக்கே அன்பளிப்பாகத் தந்தார். ஸ்மட்ஸ் பல கோடைகாலம் அதனை அணிந்திருந்து, 1939-ல் அடிகளின் எழுபதாவது பிறந்தநாளையொட்டித் திருப்பியனுப்பினார். ராஜதந்திரிகளின் வாதங்கள் எத்தனையோ மறக்கப்பட்டுவிட்டன. அந்தச் செருப்பை உலகம் மறக்கவில்லை.

நெசவின் கதையோ இதனினும் சுவையானது. 1909-ல் அடிகள் 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதியபோதே கைத்தறியையும் ராட்டையையும் இந்தியாவின் வறுமைக்கு மருந்தாகக் குறிப்பிட்டார். அப்பொழுது தறியையோ ராட்டையையோ கண்ணால் கண்ட ஞாபகமே தமக்கில்லையென்று பின்னர் சுயசரிதையில் கூசாமல் ஒப்புக்கொண்டார். பிற்பாடு ஆமதாபாத் ஆசிரமத்தில் தறிகள் வந்து இறங்கின. ஆசிரமவாசிகள் எல்லோரும் படிப்புத் தொழிலிலோ வியாபாரத்திலோ இருந்தவர்கள்; கைவினைஞர் ஒருவருமில்லை. பாலன்பூரிலிருந்து நெசவாளர் ஒருவரை அழைத்துவந்தார்கள். அவர் கற்பித்தார், ஆனால் தம் வித்தை முழுவதையும் கற்பிக்கவில்லை. மகன்லால் காந்தி தம் சொந்த முயற்சியால் மிச்சத்தைக் கற்றுத் தேர்ந்தபிறகே ஆசிரமத்தில் நெசவு நிலைத்தது.

அந்தப் பாலன்பூர் நெசவாளரை நாம் குறைகூற மாட்டோம். வித்தைதான் அவருடைய நிலம். அதுவே அவருடைய ஆஸ்தி. வக்கீலாகிய நாம் கட்டணமின்றி முழு ஆலோசனையும் வழங்குவதுண்டா? வைத்தியர் தம் சாஸ்திரம் முழுவதையும் வழிப்போக்கருக்கு விளக்குவதுண்டா? கைவினைஞன் மாத்திரம் கேட்டவுடன் அனைத்தையும் கொட்டிவிட வேண்டுமென்று எதிர்பார்ப்பது எந்த நியாயம்? கைத்தொழில் கற்க விரும்புவோர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய முதற்பாடம் இதுவே என்போம். இதற்குப் பின்னால் மீண்டும் வருவோம்.

அல்லிநகரத்து அன்பருக்குப் பதிலெழுத உட்கார்ந்தபொழுது நமக்கே ஓர் ஐயம் எழுந்தது. கைத்தறியைப் பற்றி எத்தனையோ தலையங்கங்கள் எழுதியிருக்கிறோம், கதர் கட்டுகிறோம், கூட்டங்களில் பேசுகிறோம். ஆயினும் ஒருநாளேனும் தறியில் அமர்ந்ததுண்டா? இல்லை. கண்ணால் காணாமலே எழுதியதை அடிகள் ஒப்புக்கொண்டார். நாம் கண்டும் கைவைக்காதிருந்தோம். ஆகவே சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேனியில் பஸ் ஏறி, க. விலக்கைத் தாண்டி, ஆண்டிபட்டிக்கு அருகில் ஜக்கம்பட்டியில் அறிந்தவர் ஒருவர் மூலம் ஒரு நெசவாளர் இல்லம் சேர்ந்தோம். ஜக்கம்பட்டியும் டி. சுப்புலாபுரமும் பருத்திச் சேலைக்குப் பேர்போன ஊர்கள். தெருவில் விசைத்தறிகளின் பேரோசை. அதற்கு நடுவில் அந்த வீட்டில் மட்டும் ஒரு குழித்தறியின் நிதானமான ஓசை.

குழியில் காலை இறக்கி உட்கார்ந்ததும் நம் படிப்பெல்லாம் எங்கோ போயிற்று. மிதியை மிதித்தால் பாவுநூல்கள் இருபிரிவாய்ப் பிரிகின்றன. அந்த இடைவெளியில் நாடா பாய வேண்டும், உடனே அச்சை இழுத்து ஊடைநூலை அணைத்து அடிக்க வேண்டும், அடுத்த மிதி, மீண்டும் நாடா. சொல்வதற்கு இரண்டு வாக்கியம். செய்வதற்கோ, வலக்காலும் இடக்காலும் இருகைகளும் கண்ணும் ஒரே தாளத்தில் இயங்க வேண்டும். நாம் மூன்றாம் முறை நாடாவைச் செலுத்தியபோது பாவில் இழைகள் சில அறுந்தன. நெசவாளரின் மனைவியார் தார் சுற்றிக்கொண்டிருந்தவர், எழுந்துவந்து, அறுந்த இழைகளை நாம் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நெசவாளர் மாத்திரம், "ஐயா, நீங்க நாடாவையே பாக்குறீங்க. பாவைப் பாருங்க, நாடா தானா வரும்" என்றார். அரைமணி நேரத்தில் நாம் நெய்தது நான்கு விரற்கடை. அதையும் அவர் பிறகு பிரித்துவிட வேண்டியிருந்தது.

அந்த நான்கு விரற்கடை நமக்குக் கற்பித்ததை நாற்பது புஸ்தகங்கள் கற்பிக்கவில்லை. ஒரு சேலை ஐந்தரை மீட்டர். அதற்குமுன் பாவு ஓட்ட வேண்டும், கஞ்சியிட வேண்டும், இழை பிணைக்க வேண்டும், தார் சுற்ற வேண்டும். வீட்டிலுள்ள அனைவர் உழைப்பும் அதில் சேர்கிறது. பெண்களின் உழைப்பு கணக்கிலேயே வருவதில்லை. கடையில் நின்று "இன்னும் ஐம்பது ரூபாய் குறையும்" என்று பேரம் பேசிய நம் நாக்கை எண்ணி அன்று கூசினோம். தறியில் ஒருமுறை இழையறுத்தவன் பிறகு அவ்வாறு பேரம் பேசமாட்டான் என்பது நமது துணிபு.

இங்கேதான் அல்லிநகரத்து அன்பரின் ஆசை ஒரு தனிமனிதரின் பொழுதுபோக்கு என்னும் எல்லையைக் கடந்து தேசத்தின் காரியமாகிறது. மத்திய அரசு 2009-10-ல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பின்படி தேசமுழுவதிலும் நெசவாளரும் துணைத்தொழிலாளருமாக 43.31 லக்ஷம் பேர் இருந்தனர். 2019-20-ல் எடுத்த அடுத்த கணக்கெடுப்பில் அத்தொகை 35.22 லக்ஷம். பத்து வருஷத்தில் எட்டு லக்ஷம் பேர் குறைந்திருக்கிறார்கள். ஜக்கம்பட்டியில் நாம் கண்ட நெசவாளரின் மகனும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். "இங்கே எதுக்கு இருக்கணும்?" என்று தகப்பனார் கேட்டார். நம்மிடம் விடையில்லை.

சிலர் ஆட்சேபிக்கலாம்: "பென்ஷன் வாங்குவோர் நாலு பேர் ஞாயிறுதோறும் தறியில் விளையாடினால் நெசவாளியின் பசி தீருமா?" தீராது. இதனை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். நெசவாளிக்கு வேண்டுவது நியாயமான கூலி, விலை ஏறாத நூல், கைத்தறிக்கென ஒதுக்கிய ரகங்களை விசைத்தறி களவாடாமல் காக்கும் அதிகாரம். இதற்கென 1985-ல் இயற்றிய சட்டம் இருக்கிறது. அதனை அமல் நடத்தும் ஊக்கம் வேண்டும். இவற்றுக்குப் பதிலாகப் பொழுதுபோக்கு வகுப்பை வைத்து நெசவாளரை ஏமாற்றலாகாது. ஆனால் சட்டத்தை அமல் நடத்தும்படி கேட்பதற்கு ஊரில் குரல் வேண்டுமன்றோ? பட்டுக்கும் பருத்திக்கும், கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் வேற்றுமை அறியாத ஜனங்கள் யாருக்காகக் குரல் கொடுப்பர்? வேலையின் அருமையைக் கையால் அறிந்தவர் ஊருக்குப் பத்துப்பேர் இருந்தால், அந்தப் பத்துப்பேரும் நெசவாளியின் வக்கீல்களாவர்.

வேறொரு சாரார் இதனினும் கடுமையான ஆட்சேபம் எழுப்பக்கூடும். 1953-ல் ராஜாஜி சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரியாக இருந்தபோது, பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கலாமென்று ஒரு கல்வித் திட்டம் கொணர்ந்தார். அதனைக் 'குலக்கல்வி' என்று நாடு எதிர்த்தது. 1954-ல் திட்டம் கைவிடப்பட்டது. 2023-ல் மத்திய அரசு ஆரம்பித்த விசுவகர்மா திட்டத்திலும் குடும்பத் தொழில் என்னும் நிபந்தனையைக் காட்டித் தமிழ்நாட்டு அரசு 2024-ல் அதனை அந்த வடிவில் ஏற்க மறுத்தது. ஆகவே கைத்தொழில் என்ற சொல்லைக் கேட்டாலே நம் நாட்டில் சந்தேகம் எழுவது இயல்பே, அச்சந்தேகத்துக்கு நியாயமுமுண்டு. ஆனால் நாம் கூறுவது அதற்கு நேர்விரோதமான விஷயம். குயவன் மகன் குயவனாகவே இருக்க வேண்டுமென்பது பிறப்பின் விலங்கு. குமாஸ்தா குயவனிடம் போய், "ஐயா, எனக்குக் கற்றுக்கொடுங்கள்" என்று கைகூப்பி நிற்பது அவ்விலங்கின்மேல் விழும் சம்மட்டியடி. எவரும் எத்தொழிலையும் கற்கலாமென்றால் எத்தொழிலும் எவர்மேலும் விதியாக நில்லாது. நெசவாளியின் மகள் வைத்தியராகட்டும். வைத்தியர் ஓய்வு நாளில் நெய்யட்டும். இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் சமத்துவம் என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டாகும்.

இது கனவன்று. ஒரு காலத்தில் தீண்டாமையின் சின்னமாக இழிக்கப்பட்ட பறையை இன்று நோக்குக. அண்டை ஜில்லாவாகிய திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு தலித் பெண்களுக்குப் பறையடிக்கப் பயிற்சியளித்து மேடையேற்றியது. இன்று நகரங்களில் கல்லூரி மாணவரும் கம்ப்யூட்டர் உத்தியோகஸ்தரும் பயிற்சிப் பட்டறைகளில் வரிசையாக நின்று அதே பறையைக் கற்கிறார்கள். இழிவு வாத்தியத்தில் இல்லை. அதனைப் பார்த்த கண்ணில் இருந்தது. கையில் எடுத்தவுடன் கண் திருந்திற்று.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். எங்கே கற்பது? "கைபேசியில் பார்த்துக் கற்கலாமே" என்று குமாரர்கள் யோசனை சொல்வதாக நேயர் எழுதுகிறார். கைபேசி வழிகாட்டும், பழக்காது. நம் கால் தாளம் தவறுவதைத் திரை அறியுமா? பாவைப் பார் என்று அது சொல்லுமா? கைத்தொழில் கண்வழியே பாதிதான் வரும். மற்றப்பாதி குருவின் அருகில் அமர்ந்து, பிழைசெய்து, திருத்தப்பட்டு வருவது.

சென்னைக்கு அருகில் முட்டுக்காட்டில் 1996 முதல் தக்ஷிணசித்ரா என்னும் கலைக்கிராமம் நடந்துவருகிறது. பழைய தென்னாட்டு வீடுகளைப் பெயர்த்துவந்து மீண்டும் கட்டிய அவ்விடத்தில் வருவோர் குயவரின் சக்கரத்தில் தாமே மண்ணைத் தொட்டு வனையலாம். நெசவும் கூடை முடைதலும் நேரில் காணலாம். பல தொழில்களுக்குப் பயிற்சிப் பட்டறைகளும் நடக்கின்றன. பின்லாந்து தேசம் 1866-லேயே பள்ளிகளில் கைத்தொழிலைக் கட்டாய பாடமாக்கியது. இவையெல்லாம் நல்லவை. ஆனால் அல்லிநகரத்துப் பெரியவர் ஒரு துண்டு நெய்யப் பட்டணத்துக்கு ரயிலேற வேண்டுமென்பது விந்தையன்றோ? பருத்தி விளைந்த பூமி இது. நூலாலைகள் நிறைந்த ஊர் தேனி. தறிகள் ஒரு மணி நேரப் பஸ் பிரயாண தூரத்தில் இருக்கின்றன. கற்க விரும்புவோர் இங்கே. கற்பிக்க வல்லோர் அங்கே. நடுவில் இல்லாதது ஓர் ஏற்பாடு மாத்திரமே.

அவ்வேற்பாட்டுக்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. தேனி அல்லிநகரம் முனிஸிபாலிடியார் ஒரு மண்டபத்தையோ, மாலையில் பூட்டிக்கிடக்கும் பள்ளியறை ஒன்றையோ வாரம் இருநாள் தரட்டும். மேஜைமேல் வைத்து நெய்யும் சிறுதறிகள் நான்கைந்து போதும். ஒரு வகுப்புக்குப் பத்துப்பேருக்கு மேல் வேண்டாம். மூன்று மாதம் ஒரு தவணை. பெண்கள் வரத்தக்க நேரமாக அது அமைய வேண்டும். நெசவுக்கு அடுத்தாற்போல் மண்பாண்டம், மூங்கிற்கூடை, தச்சு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் மூன்று நியமங்களை நாம் வற்புறுத்துவோம். முதலாவது, ஆசிரியர் அத்தொழிலால் ஜீவிப்பவராகவே இருக்க வேண்டும், சான்றிதழ் கேட்கலாகாது. இரண்டாவது, ஒருநாள் அவருடைய தறி நின்றால் நேரும் நஷ்டத்துக்குக் குறையாத சன்மானம், தரகர் எவருமின்றி, அன்றைக்கன்றே அவர் கையில் சேர வேண்டும். பாலன்பூர் நெசவாளர் ஒளித்துவைத்த பாதி வித்தை வெளிவருவதற்கு வழி இதுவே. மூன்றாவது, முதல் வகுப்பு மண்டபத்தில் நடக்கக்கூடாது. ஆசிரியரின் இல்லத்தில், அவர் தறிக்குழியின் அருகில் நடக்க வேண்டும். கைவினைஞன் படித்தவர் வாசலில் எத்தனையோ தலைமுறை காத்து நின்றுவிட்டான். ஒரு மாலையேனும் படித்தவர் அவன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகட்டும்.

1905-ம் வருஷம் ஆகஸ்டு 7-ம் நாள் கல்கத்தா டவுன் ஹாலில் சுதேசி இயக்கம் பிரகடனமாயிற்று. அந்நாளையே 2015 முதல் தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடிவருகிறோம். கொண்டாட்டமென்பது என்ன? மேடை, மாலை, சொற்பொழிவு, இறுதியில் ஒரு புகைப்படம். வருகிற ஆகஸ்டு 7-ம் நாள் தேனியில் பேச வரும் கனவான்களிடம் நாம் வேண்டிக்கொள்வது ஒன்றே. சொற்பொழிவை ஒருமணி நேரம் ஒத்திவைத்து ஜக்கம்பட்டித் தறியொன்றில் அமருங்கள். இழை அறும்; வெட்கம் வரும்; அந்த வெட்கத்தோடு பேச எழுந்தால் பேச்சில் உண்மை இருக்கும்.

அல்லிநகரத்து அன்பருக்கு நமது மறுமொழி இது. நகைப்புக்கிடமானது தங்கள் ஆசையன்று, நகைத்தவர்களின் அறியாமையே. மண்டபம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஜக்கம்பட்டி நெசவாளரிடம் தங்களைப்பற்றிச் சொல்லியிருக்கிறோம். சன்மான விஷயமும் பேசியிருக்கிறோம். வருகிற ஞாயிறு காலை நாமும் வருகிறோம். நான்கு விரற்கடையை ஒரு சாணாக்க வேண்டுமென்பது நமது சங்கற்பம். தங்களை நகைத்த தெருவாரில் எவரேனும் உடன்வர இசைந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். அவருக்கும் அந்தக் குழியில் இடமுண்டு.